நாலரை மில்லிமீட்டர்

சின்னக் கண்ணாடிப் புட்டியைத் திறந்து, ரேகா அந்த எலும்பை வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினாள்.

மீனின் முதுகெலும்பில் ஒரு கணு. மேலும் கீழும் முள் நீட்டிக்கொண்டிருந்தது.

திருப்பதியில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. பழவேற்காட்டு ஏரிப் பறவைகள் கக்கிப் போட்ட மீன் எலும்புகளை அளப்பாள். எலும்பின் அளவை வைத்து, பறவை விழுங்கிய மீன் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடுவாள்.

இது பறவை கக்கியது இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். மகள் தேன்மொழியின் தொண்டையிலிருந்து எடுத்தது. எடுக்கும்போது குழந்தைக்கு மூச்சு நின்றுபோயிருந்தது.

மூன்று வயது.

அன்று அவள் கணவன் பாஸ்கர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில், தடாவில் இறங்கி மடவை மீன் வாங்கிவந்தான். முழங்கை நீளத்தில் ஒன்று, பொடிசாகக் கொஞ்சம். ரேகா பெரியதைக் குழம்பு வைத்தாள். பொடிசை வறுத்தாள்.

குழந்தையை நடுவில் உட்காரவைத்து இரண்டு பேரும் ஊட்டினார்கள். குழம்பு மீனை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து அம்மா ஒரு வாய். வறுத்த மீனைப் பிய்த்து அப்பா ஒரு வாய்.

"மீன் எலும்போடவே வேலை செய்யறவ" என்று சாவு வீட்டில் யாரோ முணுமுணுத்தது ரேகாவின் காதில் விழுந்தது. உறைக்கவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே உறைக்கவில்லை.

பாஸ்கர் வேலைக்குப் போவதை விட்டான். சோற்றில் கை வைப்பதை விட்டான். இன்று காலை பீரோவிலிருந்து புட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"எந்த மீனுன்னு அளந்து சொல்லு ரேகா. என் கைதானோ, என் கைதானோன்னு நெனச்சிக்கினே கீறேன். முடியல."

காகிதத்தில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வெர்னியர் காலிப்பரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் எலும்பை வைத்து அளந்தாள்.

நாலரை மில்லிமீட்டர்.

கணக்கும் போட்டாள். மீன் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. எலும்பைப் புட்டியில் போட்டு மூடினாள்.

வீட்டுக்குப் போனபோது பாஸ்கர் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் செருப்பைக் கழற்றினாள்.

"பெரிய மீன்தான். நான் ஊட்டனது."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். குழந்தையை எடுத்துப் போன நாளுக்குப் பிறகு, முதல் தடவையாக வாய்விட்டு அழுதான்.

அழுது ஓய்ந்ததும் தட்டு வைத்தாள். சாப்பிட்டான். பாதிச் சோற்றில் நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

"கொஞ்சம் பாத்து எடுத்திருக்கக் கூடாதா?"

ரேகா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.