கீதா

“எங்காத்துல வேலைக்காரிகூட இப்படிப் பேச மாட்டா, கீதா” என்றாள் ஸஹானா. முதல் பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

அவள் பேர் கீதா இல்லை, ரூபீனா. பிளஸ் ஒன்னில் சேர்ந்த முதல் நாள், தண்ணீர்க் குழாய் எங்கே என்று எவளோ கேட்டதற்கு “தோ, அங்க கீது” என்று கையைக் காட்டிவிட்டாள். பல்லி பூச்சியைக் கவ்வுகிற மாதிரி ஸஹானா அந்தச் சொல்லைக் கவ்விக்கொண்டாள். அன்றைக்கு விழுந்த பேர், பிளஸ் டூ வந்தும் போகவில்லை. புதிதாக வந்த கெமிஸ்ட்ரி சார் அதுதான் நிஜப்பேர் என்று நினைத்து, கீதா எழுந்திரு என்றார். அவளும் எழுந்து நின்றாள்.

ரூபீனாவின் அப்பா வலியுல்லா ராயப்பேட்டையில் சோபாவுக்கு மெத்தை தைக்கிறவர். வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ். கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டுக்கும் இடமில்லை. கிளாஸ் டீச்சர் ஜெயபாரதி மிஸ் காதில் ஒரு ‘இன்னா’வோ ‘கீது’வோ விழுந்தால் போதும், அந்தப் பீரியட் முழுக்க வெளியே நிற்க வேண்டும். நின்று நின்று கால் மரத்து, ரூபீனா வாயைப் பூட்டிக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான்.

படிப்பும் லேசுப்பட்டதில்லை. விடியவும் ஸ்பெஷல் கிளாஸ், பொழுது சாயவும் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் டெஸ்ட். மார்க் வந்ததும் பெஞ்சு மாற்றுவார்கள். நிறைய எடுத்தவள் முன்னால், குறைந்தவள் பின்னால். செங்கல் தூக்குகிறவன்கூட வெயில் ஏறினால் நிழலில் ஒதுங்கி ஒரு பீடி பிடிப்பான். இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

ஸஹானாவுக்கு எப்போதும் முன்பெஞ்சுதான். ஆத்துல, வந்துண்டு, போயிண்டு, நேக்கு, நோக்கு என்று அவள் பேசினால் ஜெயபாரதி மிஸ்ஸுக்கே முகம் குளிரும். மயிலாப்பூர் மாடவீதியிலேயே பிறந்து வளர்ந்த மதுமதி ஒருதரம் சொன்னாள்: “எங்காத்துல தாத்தாகூட இப்ப நேக்கு நோக்குன்னு பேசறதில்லடி.” எல்லாரும் சிரித்தார்கள். ஸஹானா மட்டும் சிரிக்காமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ரூபீனா முடிவுகட்டிவிட்டாள். சாயந்திரம் அப்பா வருவார், டிசி வாங்கிக்கொண்டு போய்விடுவது. பரீட்சை வாசலில் நிற்கிறது, ஒரு வருஷம் மண்ணாகும் என்று அப்பா காலையில்கூடக் கெஞ்சினார். ஆகட்டும் என்றாள். வருஷம் போனால் இன்னொரு வருஷம் வரும், பேர் போனால் எங்கே போய் வாங்குவது?

கடைசிப் பீரியட் கணக்கு டெஸ்ட். பேப்பர் தீர்ந்து, இன்னொன்று வாங்க ரூபீனா முன்னால் போனாள்.

“நோக்கெதுக்குடி இன்னொரு பேப்பர்? எழுதி என்ன கிழிக்கப்போறே?” ஸஹானா தலையைத் தூக்காமலே முனகினாள்.

குரலில் சுரத்தில்லை. போன வாரம் மதுமதி அவளைத் தாண்டி முதல் மார்க் வாங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் தூங்கினியா என்று மிஸ் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து ஸஹானா தூங்கவே இல்லைபோல. கண்ணுக்குக் கீழே கரி அப்பியிருந்தது. பேப்பர் கேட்க அவளும் எழுந்தாள். எழுந்தவள் பெஞ்சைப் பிடிக்கப் பார்த்தாள், கைக்குப் பெஞ்சு அகப்படவில்லை. கட்டறுந்த மூட்டை மாதிரி சரிந்தாள்.

தரையில் மோதுமுன் அந்தத் தலையைப் பிடித்தது ரூபீனாவின் கை. பாசமெல்லாம் இல்லை, பக்கத்தில் விழுந்தது, பிடித்தாள். நல்லா வேணும் என்றுதான் மனசு சொன்னது. மற்ற பெண்கள் பயந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். ஆயாவைக் கூப்பிட மிஸ் வாசலுக்கு ஓடினார்.

ரூபீனா குனிந்து, பாட்டில் தண்ணீரை ஸஹானாவின் முகத்தில் தெளித்தாள். ஸஹானாவின் உதடு அசைந்தது. காதை வைத்தால்தான் கேட்கிற முனகல். கடைசி வார்த்தை மட்டும் உரக்க விழுந்தது.

“நைனா... ஊட்டுக்குப் போலாம் நைனா... தல சுத்திக்கினு கீது.”

ரூபீனாவின் கையில் பாட்டில் அப்படியே நின்றது.

ஸஹானா கண்ணைத் திறந்தாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. ரூபீனாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

வாசலிலிருந்து ஜெயபாரதி மிஸ் திரும்பினார். “யாருடி அது, கீதுன்னது? ஒருத்தி மயங்கிக் கிடக்கறா, இப்பவும் அந்தப் பேச்சா?”

“கீதாதான் மிஸ்.” பழக்கதோஷம்; சுவரோரம் நின்றவர்கள் பார்க்காமலே சொன்னார்கள்.

மணிக்கட்டைப் பிடித்த கையை ஸஹானா விடவில்லை. ரூபீனா அந்த முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ரொம்ப நாளாகப் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

“நான்தான் மிஸ். இன்னா இப்ப?”