அடிக்கதவு

கடப்பாரையை வேகன் அடிக்கதவின் ஓட்டைக்குள் செருகிவிட்டு, கதவுக்காரர் தலை சீவிக்கொண்டார்.

கோதுமைத் தூசி பறக்கிற இடத்தில் தலை சீவின முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். அதோடு விட்டாரா? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வேறு.

நான் அந்தச் சரக்கு ரயில் வேகனின் முதுகில் உட்கார்ந்திருந்தேன். மேல் மூடிகளைத் திறந்துவைத்து, உள்ளே கோதுமை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கீழே நடப்பதெல்லாம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

விஷயம் இதுதான். நேற்று வேலை முடிந்து கை கழுவுகிற இடத்தில், கதவுக்காரர் கீழக்காவிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்.

கீழக்கா தண்டவாளத்துக்கு அடியில் வேலை செய்கிறவர். வேகனின் அடிக்கதவு திறந்தால் கோதுமை கொட்டுகிற குழியும், அதைச் சுமந்துகொண்டு கிடங்குக்குப் போகிற பெல்ட்டும் அவர் பொறுப்பு. அதனால்தான் யார்டில் அந்தப் பெயர்.

கதவுக்காரர் மேலே திறப்பார், இவர் கீழே வாங்கிக்கொள்வார். இத்தனை வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் கோதுமை மட்டும்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நாங்களும் நம்பியிருந்தோம்.

கீழக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

"வீட்ல ஒருத்தர்கிட்ட கேக்கணும். நாளைக்கு மொத வேகன் காலியாகறதுக்குள்ள சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழாயடியில் பேசின பேச்சு யார்டு முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த முதல் வேகன்தான் இது.

கதவுக்காரருக்கு ஐம்பது வயது. இதுவரை தனிக்கட்டை. இனிமேலும் அப்படியே காலம் தள்ள வேண்டுமா என்பது இந்த ஒரு வேகனில் தெரிந்துவிடும். பாவம், காலையிலிருந்து யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் டீயை மட்டும் எனக்குத்தான் முதலில் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் இரண்டு தடவை.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வண்டியை நகர்த்துகிறவர், கூட்டிப் பெருக்குகிறவர்கள், எடைமேடைக்காரர் என்று எல்லோரும் ஏதோ ஒரு சாக்கில் குழிப்பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

கீழே பெல்ட் ஓடத் தொடங்கியது. கதவுக்காரர் கடப்பாரையைப் பிடித்தார்.

இது வீட்டுக் கதவு மாதிரி இல்லை. மேசை இழுப்பறை மாதிரி பக்கவாட்டில் நகரும். கடப்பாரையைத் தன் பக்கம் இழுத்தால் பல்சக்கரம் சுழன்று கதவு திறக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் சட்டத்தில் போய் இறுகிக்கொள்ளும். கதவுக்காரர் தூக்கத்தில்கூட இழுக்கத்தான் செய்வார்.

இன்று தள்ளினார்.

முழு பலத்தையும் போட்டுத் தள்ளினார். நகரவில்லை என்றதும் உடம்பையே சாய்த்து இன்னும் தள்ளினார். எடைமேடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

அவருக்கு உறைத்தபோது காரியம் கெட்டுவிட்டது. இழுத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை.

வெறும் பெல்ட்டை எவ்வளவு நேரம்தான் ஓட்டுவது? கீழக்கா படியேறி மேலே வந்துவிட்டார்.

தலையில் கட்டிய துணி, புருவமெல்லாம் தூசி. இறுகிக் கிடந்த கதவைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

கதவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கீழக்கா அண்ணாந்து என்னைப் பார்த்தார். சிரிப்பு போய், முகத்தில் பயம் வந்திருந்தது.

"நீ என்னடா சொல்ற? உன்னக் கேக்காம அம்மா என்னைக்குடா முடிவெடுத்திருக்கேன்?"

நேற்று ராத்திரியே அம்மா கேட்டிருக்கலாம். கேட்க வந்து, கேட்க வந்து, ஒவ்வொரு தடவையும் உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்காமல் நானாகச் சொல்ல எனக்கும் கூச்சமாக இருந்தது. அப்பா போனதிலிருந்து அவளுக்கு நான், எனக்கு அவள் என்றே இருந்துவிட்டோம். இப்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏணியில் இறங்கினேன். கதவுக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று, கடப்பாரையில் நானும் கை வைத்தேன்.

"நீ கீழ போம்மா, கோதுமை வரப்போகுது. ராத்திரிக்கு நான் மூணு பேருக்குச் சமைச்சிடறேன்."