பதினோராவது ஊசி

“பொண்ணு என்ன குடிச்சா? மறைக்காம சொல்லுங்க.”

டாக்டர் இப்படிக் கேட்டபோது, அவரையும் நர்ஸையும் விட்டால் அவசர சிகிச்சை அறையில் இருந்தவர்கள் நால்வர். கட்டிலில் நினைவில்லாமல் கிடந்த கல்யாணப் பெண், அவளுடைய அப்பா, அவரைத் தாய்போல வளர்த்த அக்கா, அதாவது பெண்ணின் அத்தை, சேதி கேட்டு ஓடி வந்த சம்பந்தியம்மாள்.

கல்யாணத்துக்கு இன்னும் நான்கே நாள்.

“எங்க வீட்டுப் பொண்ணு எதையும் குடிக்கல,” என்றாள் அத்தை, நிமிர்ந்து நின்று. வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. டாக்டர் அவள் வீட்டு ஆள் இல்லை. பெண்ணின் இமையை விலக்கிக் காட்டினார். கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சில் கொரகொரப்பு. பூச்சிமருந்து நரம்புகளை முடுக்கிவிட்டால்தான் இப்படி ஆகும் என்றார்.

“உடம்புல இருக்கிற குழாயை எல்லாம் ஒரே நேரத்துல திறந்துவிட்ட மாதிரிம்மா இது. அட்ரோபின்னு மாத்து மருந்து ஊசி போட்டு ஒவ்வொண்ணா அடைக்கணும்.”

ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஊசியாக ஏறியது. நுரை நின்றது, மூச்சு தெளிந்தது. அப்பா டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கையை இறக்குவதற்குள் மறுபடி நுரை.

பெண் மனதில் வேறு எவனாவது இருந்தானோ என்று அப்பா தன் அக்காவின் காதில் முனகினார். ஒரே பார்வையில் அத்தை அவர் வாயை அடைத்தாள். ஆனால் சம்பந்தியம்மாளுக்குக் காது கூர்மை. அவள் கோபப்படவில்லை, பெண்ணின் காலை மெல்லத் தடவினாள்.

“இஷ்டமில்லாதவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் அண்ணி. அவ உசிரோட எழுந்தாப் போதும்.”

அறைந்திருந்தால்கூட அத்தைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பதினோராவது ஊசியோடு டாக்டர் திரும்பினார். “வயித்துல ஒண்ணுமே இல்ல. ஆனா நான் அடைக்க அடைக்க எங்கிருந்தோ விஷம் உள்ள போயிட்டே இருக்கு. எங்கேன்னு தெரியலைன்னா, இவளை என்னால காப்பாத்த முடியாது.”

அத்தையின் விறைப்பு அத்தோடு போயிற்று. டாக்டரை மூலைக்கு அழைத்துப்போய், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு இரண்டே வரி சொன்னாள். சம்பந்திக்கு மட்டும் தெரிந்துவிட வேண்டாம், குடும்ப மானம் போய்விடும் என்று கெஞ்சினாள். அவளைத் திட்டக்கூட டாக்டருக்கு நேரமில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பினார். நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு திரையை இழுத்தாள். உள்ளே நெடுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் பெண் கண் விழித்தாள். வாய் வறண்டு நாக்கு ஒட்டியது. அட்ரோபின் கண்ணை விரியவைத்ததில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தன.

“அத்தை, உங்க மூஞ்சியே சரியாத் தெரியல.”

“தெரியாததே நல்லதும்மா,” என்ற அத்தை, முதல்முறையாக நாலு பேர் பார்க்க அழுதாள்.

கல்யாணம் பதினைந்து நாள் தள்ளி நல்லபடியாக நடந்தது. காதலித்தவனை மறக்க முடியாமல் மருந்து குடித்தவள் என்று அக்கம்பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

அது தவறு. ரோஜாச் செடிக்கு அடிக்கும் மருந்தை எடுத்து அத்தைதான் அவள் மண்டையில் அழுந்தத் தேய்த்துவிட்டாள்; பெண்ணுக்குத் தலையெல்லாம் பேன்.