பிணைக் கையெழுத்து

மூன்றரை மணிக்கு நாகலெட்சுமி நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். நான்கு மணிக்கு நூலகக் குழு கூடும்.

"ஆறு பேருகிட்ட கேட்டுட்டேங்கய்யா. ஒருத்தரு பேரும் புதுப் பட்டியல்ல இல்லையாம்."

நான் மேசையிலிருந்த தேதி முத்திரையை எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன்.

அவள் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயா. அடுத்த மாதம் தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்காக, எங்கள் நூலகத்தில் இருந்த ஒரே பிரசவப் புத்தகத்தைப் பாதி படித்து முடித்திருந்தாள். பிள்ளை கால் பக்கமாக வந்தால் என்ன செய்வது என்பது மீதிப் பாதியில் இருந்தது. போன ஐப்பசியில் அவளுடைய லயத்து வரிசை வீடுகளில் அப்படி வந்த ஒரு பிள்ளை பிழைக்கவில்லை.

மீதிப் பாதி அவளிடம் இருக்குமா என்பது இன்னும் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

எங்கள் நூலகம் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு காகிதப் பை இருக்கும். பைக்குள் புத்தகத்தின் பெயர் எழுதிய அட்டை. வாசகருக்கு, அவருடைய பெயர் எழுதிய சின்ன உறை. புத்தகம் வெளியே போகும்போது அட்டை உறைக்குள் போகும். உறை தேதிவாரியாக மரத் தட்டில் நிற்கும். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, என்றைக்குத் திரும்பும் என்பதை அந்தத் தட்டைத் தடவியே சொல்லிவிடலாம்.

அந்த உறை கிடைக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் நாளைக்கும் இதே ஊரில் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி? அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நல்ல யோசனைதான். பட்டியலும் ஊரும் ஒன்றாக இருந்தவரைக்கும்.

இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்குப் பிறகு வந்த முதல் பட்டியல் போன மாதம் கையில் கிடைத்தது. அடிமட்டக் கோலை வரிக்குக் கீழே வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பிணை நின்றிருந்த கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடைச் சிப்பந்திகள் எல்லோருடைய பெயர்களும் போயிருந்தன. ஆட்கள் இங்கேதான் இருந்தார்கள்.

குழு கூடித் தீர்மானம் போட்டது. இந்த ஞாயிறு நான்கு மணிக்குள் புதுப் பிணை கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உறையைக் கிழித்துவிட வேண்டும்.

கிழிப்பது என் வேலை.

நாகலெட்சுமிக்குப் பிணை நின்றவர் பெரிய கங்காணி சிவசாமி.

"நாப்பது வருசமா இந்த மலையில விடியக்காலம் ஆளுகள எண்ணிப் பெரட்டு எடுக்குற மனுசன்," என்றாள் அவள். "அவரு பேரே இல்லேன்னா, மலை பேரு மட்டும் இருக்கா அந்தப் பட்டியல்ல?"

பள்ளிக்கூடத்து ஆசிரியர் துரைராசாவின் பெயர் இருந்தது. ஆனால் அவர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். நான் மீண்டும் பட்டியலைப் புரட்டினேன். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினேன்.

மணி மூன்று ஐம்பது.

"ஏங்கய்யா, நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டா என்ன?"

நூலகர் பிணை நிற்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை. அதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். இருந்தும் பேனாவைத் திறந்தேன், மூடினேன். மை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். திரும்பி வரும் வழியில் நின்று, மறுபடியும் போய்த் திறந்தேன்.

"தொலைச்சிருவேன்னு பாக்குறீங்களா?" துண்டில் சுற்றியிருந்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். "தலையத் தாங்கித்தான் தூக்கியாந்தேன். அதுல போட்டிருக்க மாதிரியே."

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. குழுத் தலைவர் தம்பிஐயா. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கடுதாசியையும் இரண்டு தடவை படிக்காமல் விட மாட்டார்.

படிவத்தில் என் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் வாக்காளர் இலக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. 417 என்று எழுதினேன்.

தம்பிஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வந்திருந்த படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் இலக்கத்தைப் படித்தார். பட்டியலில் அந்த இலக்கத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு பெயரைப் பார்த்தார். பெயர் பொருந்தாத இரண்டு படிவங்களை ஒதுக்கி வைத்தார்.

மூன்றாவது நாகலெட்சுமியுடையது.

அவருடைய விரல் பட்டியலை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"கந்தப்பன், உம்மட கையெழுத்தையும் நான் பட்டியலில தேடினால் சனம் சிரிக்குமல்லோ," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

நாகலெட்சுமி கும்பிட்டாள். புத்தகத்தைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, குடையைக்கூட விரிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

"பட்டியலில விடுபட்ட ஆக்கள் இன்னும் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார் தம்பிஐயா.

"இல்லீங்க," என்றேன்.

பட்டியல் அவர் முன்னால் திறந்தே கிடந்தது. அதில் 417, சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் சில்வா.

அதற்கு முந்தைய பட்டியலில் அது நான்.