மிதவையைத் தாண்டாத படகு

"இன்னைக்கும் அதே இடத்துல நின்னுடுச்சா?"

மாமனார் கேட்டது படகை ஓட்டிய இளைய மகனை அல்ல. படகுத்துறையில் ஸ்பானரோடு நின்ற மூத்த மருமகளை.

ரேஸ் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். இதோடு மூன்றாவது தடவை. கரையிலிருந்து சீறிக்கொண்டு கிளம்பும். சிவப்பு மிதவை கிட்டே போனதும் ஹாரன் அலறும். படகு நின்றுவிடும்.

டிரைவ் சூடேறினால் அடிக்கிற எச்சரிக்கை ஹாரன் அது. அடித்தால் ஓட்டுகிறவர் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

போன வருஷப் போட்டியில் அந்த மிதவை கிட்டேதான் டிரைவ், அதாவது புரொப்பல்லரைச் சுற்றவைக்கிற கியர் பெட்டி, சூடு தாங்காமல் இறுகிப்போனது. முழு வேகத்தில் இருந்த படகு புரண்டது. ஓட்டியவர் அவள் கணவர். கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

படகைச் சரிசெய்தாயிற்று. இப்போது அவர் தம்பி ஓட்டுகிறான். நாளைக்குப் போட்டி.

"நீங்களே தொட்டுப் பாருங்க மாமா. சில்லுன்னு இருக்கு."

தொட்டார். அந்தச் சில்லிப்பில் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

அவள் கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தாள். தேன் மாதிரித் தெளிவாக இருந்தது. கருகல் வாசனை இல்லை, இரும்புத் துகள் இல்லை. தண்ணீர் இழுக்கிற துவாரத்தில் ஒரு பாசித் துணுக்குகூட இல்லை.

கணவர் போன பிறகு அந்த டிரைவைக் குளிரவைக்க அவள் செய்யாத வேலை கிடையாது. ஆயிலுக்குத் தனியாக ஒரு கூலர் பொருத்தினாள். பெட்டி மேல் ஓயாமல் தண்ணீர் தூவ ஒரு குழாய் வைத்தாள். ஓடி வந்ததும் உப்பு போக நல்ல தண்ணீர் விட்டு அலசுவாள், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

"அப்போ ஹாரன் சும்மா அடிக்குதா?" என்றார் மாமனார்.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. இறந்துபோன அண்ணன்தான் தம்பியை அந்த இடத்தைத் தாண்ட விடமாட்டேங்கிறார்னு துறையில பேசிக்கிறாங்க."

"சும்மா இருய்யா. செத்தவன் வந்து ஹாரன் அடிப்பானா? இவளுக்கு வேலை தெரியலை. அன்னைக்கும் இவ கை பட்ட டிரைவ்தானே?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே இறுக்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லுடா. அண்ணன் விட்ட கோப்பையை நாளைக்கு எடுப்பியா மாட்டியா?"

"எடுப்பேன்பா." சொல்லும்போதும் அவரைப் பார்க்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் டிரைவிலிருந்த சென்சாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். சூடு ஏறுகிறதென்று ஹாரனுக்குச் சொல்கிறது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் டிரைவ் பழுத்துச் சிவந்தாலும் ஹாரனுக்குத் தெரியாது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு தடவை போயிட்டு வா தம்பி."

காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. படகு சிறுத்துக்கொண்டே போய் மிதவையை நெருங்கியது.

ஹாரன் அலறியது.

அவள் கை பைக்குள் இருந்த சென்சாரை இறுகப் பிடித்திருந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சிலிர்த்தது. அங்கே படகு நின்றுவிட்டது. பக்கத்தில் அந்த மிதவை மட்டும், யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி, ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க... நீங்களா?" உதடு மட்டும் அசைந்தது.

படகை இழுத்து வந்தார்கள். இறங்கியவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உயிர்காப்பு உடுப்பை அவனிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"மாமா, நானே ஓட்டிப் பார்க்கிறேன்."

"வேணாம் அண்ணி" என்றான். அவள் கேட்கவில்லை.

படகு போனது. மிதவை நெருங்கியது.

ஹாரன் அலறியது.

கயிறுக்காரர் கையிலிருந்த கயிற்றை நழுவவிட்டார். மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பிக்குத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தூரத்தில், நின்றுபோன படகில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

கரைக்கு வந்ததும் நேராக மாமனாரிடம் போனாள்.

"எனக்கும் அடிச்சுது மாமா. டிரைவ்லதான் கோளாறு. நான் சரியாப் பூட்டலை. நாளைக்கு இது போட்டிக்கு இறங்காது."

அவருக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? என் மானமே போச்சு. இனிமே பட்டறைப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது. சாவியைக் கொடு."

கொடுத்தாள். அவர் விறுவிறுவென்று போய்விட்டார். கயிறுக்காரர் பின்னாலேயே போனார்.

தம்பி மட்டும் எழுந்திருக்காமல் இருந்தான்.

"அண்ணி... உங்களுக்கு எப்படி அடிச்சுது? அண்ணன் நிஜமாவே அங்கே இருக்காரா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"ஹாரன் வேலை செய்யுதான்னு பார்க்க, சீட்டுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கே... நீ அமுக்கின அதே பொத்தானைத்தான் தம்பி நானும் அமுக்கினேன்."