மேற்கோள் குறிக்குள் ஒரு வரி

"அது உன் அம்மா இல்ல, இவ்வளவு கதை சொல்றதுக்கு," என்றான் கணவன், மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

தேடல் பெட்டியில் அவள், 'எங்க வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது மட்டும் ஏன் இப்படிக் குதிக்குது' என்று அடித்திருந்தாள். பதிலுக்குக் கடைகளெல்லாம் புது மெஷின் விற்க ஓடி வந்திருந்தன.

அலுவலகத்தில் அவனுக்குத் தேடல் புலி என்று பெயர். யாருக்கு எது கிடைக்காவிட்டாலும் அவன் மேசைக்குத்தான் வருவார்கள். வீட்டில் மட்டும் இந்தப் புலியை யாரும் சட்டை செய்வதில்லை என்ற குறை அவனுக்கு நெடுநாளாக உண்டு. இன்றைக்கு விடுவானா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பாதி வார்த்தைகளை வெட்டினான். மெஷினின் மாடல் எண்ணைச் சேர்த்தான். 'விலை' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டதும் கடைக்காரர்கள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். முன்கால் ஒன்று தரையில் பதியாமல் இருக்கும், திருகிச் சமப்படுத்தினால் போதும் என்றது முதல் பதில். போய்த் திருகினான். மெஷின் சாதுவாகச் சுற்றியது.

"பெரிய ஆளுதான் நீங்க," என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காமலே அடுத்த பாடத்தையும் எடுத்தான்.

"ஒரு வரியை அப்படியே கண்டுபிடிக்கணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடு. அதே வார்த்தைங்க, அதே வரிசையில இருக்கற பக்கம் மட்டும்தான் வரும். திருட்டுக் கட்டுரையெல்லாம் ஆபீஸ்ல இப்படித்தான் பிடிக்கிறோம்."

"அப்படியா? பார்த்துடலாமே," என்று அவள் அடிக்க ஆரம்பித்தாள்: "நீ குடை மறந்த நாளில்தான் எனக்கு மழை பிடிக்கத் தொடங்கியது."

கல்யாணத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாப்பில் ஒரே குடைக்குள் நின்றபோது அவன் அவளிடம் சொன்ன வரி அது. அதைக் கேட்டுத்தான் அவள் சம்மதித்தாள். இன்றுவரை சொந்தக்காரர்களிடம், 'இவர் எனக்காகவே சொன்னது' என்று அவள் பெருமை பேசும்போதெல்லாம் அவன் நெளிவான். உண்மையில் அது இணையத்தில் சுட்டது. மாட்டிக்கொள்ளக் கூடாதென்று தேடல் முடிவுகளின் கடைசிப் பக்கம் வரை போய், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வலைப்பூவிலிருந்து எடுத்திருந்தான்.

"காபி போடட்டுமா?" என்று மடிக்கணினியை மூடப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரே ஒரு முடிவு வந்தது. எழுதியவர் பெயர் 'மொட்டைமாடி'. தேதி, அவர்கள் சந்தித்ததற்கு முந்தைய வருடம்.

"யாரோ என் வரியை..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இதற்கு மேல் பொய் சொல்ல மனசு வரவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடிப் போனதையும் அங்கே சுட்டதையும் தலையைக் குனிந்தபடியே ஒப்புக்கொண்டான்.

"நான் கவிஞனெல்லாம் இல்ல. நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான்."

அவள் அந்தப் பக்கத்தின் மூலையில் 'உள்நுழைக' என்பதை அழுத்திக் கடவுச்சொல்லை அடித்தாள். 'மொட்டைமாடி, நல்வரவு' என்றது திரை.

"ஒருத்தரும் படிக்கலன்னு வெறுத்துப்போய் எழுதறதையே நிறுத்தியிருந்தேன்," என்றாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல என் வரியை என்கிட்டயே வந்து சொன்னீங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் தேடி வந்த ஒரே வாசகர், எப்படிங்க விடறது?"