கெசியாவின் சம்மதம்

மூத்த மனைவி சம்மதித்தால் ஆண்கள் வேறு பெண்களையும் மணக்கலாம் என்றிருந்த, அமெரிக்க மார்மன் சபையின் ஆரம்பகாலம் அது. ஊழியத்துக்காக இங்கிலாந்து போயிருந்த கணவரிடமிருந்து கெசியாவுக்குக் கடிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இளைய மனைவி திர்சாதான் வாசித்தாள். மூன்றாவதாக ஒருத்தியை மணக்க மூத்தவளின் சம்மதம் கேட்டிருந்தார்.

“சம்மதம்னு எழுதிடு” என்றாள் கெசியா.

திர்சா எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். “என்னைக் கட்டிக்கிறப்பவும் இப்படித்தான் சொன்னீங்களாக்கா? நீங்க கொடுத்த சம்மதக் கடிதத்தை அவர் காட்டினாரே.”

“கடிதமா? நான் அவர்கிட்ட வேண்டாம்னுதானே சொன்னேன்!”

திர்சா இன்னொரு தாளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

இன்று சபையின் ஆவணக் காப்பகத்தில் திர்சாவின் கையெழுத்தில், ஒரே தேதியிட்ட இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்றில் சம்மதம், இன்னொன்றில் மறுப்பு. கையெழுத்துக்குப் பதிலாகக் கெசியா போடும் பெருக்கல் குறி இரண்டிலும் இருக்கிறது; எதை அனுப்பினார்கள் என்பதற்குத்தான் குறிப்பு இல்லை.